பத்து விழுக்காடு குறைத்த போர் விமானம்: நமக்கு எது சரிப்படும்?

2025 மார்ச் 21ஆம் தேதி, போயிங் கட்டப்போகும் எஃப்-47 என்ற புதிய போர் விமானத்தை அறிவித்த அமெரிக்க அதிபர் டிரம்ப், கூட்டாளி நாடுகளுக்கு விற்கும்போது அதைச் சுமார் பத்து விழுக்காடு மட்டுப்படுத்திக் கொடுக்க நினைப்பதாகவும், இன்றைக்குக் கூட்டாளியாக இருப்பவர்கள் ஒரு நாள் அப்படி இல்லாமல் போகலாம் அல்லவா என்றும் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை இங்கே மலேசியாவில், நிபோங் தெபாலில், நோன்பு மாதம் என்பதால் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை மூடியிருக்க, ஊரே திரண்டிருந்த ஒரு தோசைக் கடையில் இதை நான் வாசித்துக் காட்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த லோரி ஓட்டும் தம்பி தலையைத் தூக்காமலே கேட்டான்: "விலையிலயும் பத்து விழுக்காடு கழிப்பாங்களாண்ணே?"

கழிக்க மாட்டார்கள். கூடத்தான் செய்யும். 2009இல் அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானத்தின் ஏற்றுமதி வகையை ஜப்பானுக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, ஒன்றுக்கு 250 மில்லியன் டாலர் வரை போகும் என்று கணக்கு வந்தது. அமெரிக்கா தன் படைக்குக் கட்டிய விமானங்களின் உற்பத்தி விலையைவிட அது அதிகம். காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. ஒரு சாமானில் எதையாவது எடுத்துவிட்டால், எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும், அதை ஒருவர் வரைய வேண்டும், சோதிக்க வேண்டும், மென்பொருளைத் திருத்தி எழுத வேண்டும், அத்தனைக்குமான பில், வாங்குகிறவன் தலையில்தான் விழும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். போர் விமானம் ஓட்டியதும் இல்லை, தொட்டதும் இல்லை. பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளம் இங்கிருந்து காடியில் முக்கால் மணி நேரம்தான் என்பதால் சின்ன வயதிலிருந்தே அந்தச் சத்தத்தில் பைத்தியம். 2014இல் அமெரிக்காவோடு நடந்த கோப் தவுஃபான் கூட்டுப் பயிற்சிக்கு எஃப்-22 விமானங்கள் பட்டர்வொர்த்துக்கே வந்து நம்முடைய ரஷ்யச் சுகோய்களோடும் மிக்-29களோடும் பறந்தபோது, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வேலி ஓரம் போய் நின்றவன் நான். ஆகவே இது நிபுணர் கருத்து அல்ல. ஆனால் இயந்திரம் வாங்கினால் பிறகு என்ன ஆகும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பேசுவதற்கு அது உதவும். குலை அள்ளும் இயந்திரக் கை பொருத்திய புது டிராக்டர் ஒன்றை வாங்கினோம். காய்ப்பு உச்சத்தில் இருந்த மாதத்தில் ஒரு நாள் திரையில் ஏதோ ஓர் எண் எரிந்தது, இஞ்சின் நின்றது. டீசல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஃபில்டர் போன வாரம்தான் மாற்றியது. இருபத்தாறு வருடமாக ஸ்பானர் பிடிக்கிறவன் நான், எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை, ஏனென்றால் கோளாறு இரும்பில் இல்லை. விற்ற கம்பெனிக்கு போன் போட்டால் ஆள் கிள்ளானிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன் மடிக்கணினியோடு வந்தான், இருக்கைக்குக் கீழே ஒரு வயரைச் செருகினான், நாலு நிமிடம் தட்டினான், டிராக்டர் உறுமியது. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் விழும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்த மூன்று நாளும் மண்டோர் பழைய லோரியை வைத்துக்கொண்டு ஆட்களைக் கையால் ஏற்றவைத்தார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிராக்டர் தோட்டத்துடையது, கடனும் தோட்டத்துடையது, சாவி மட்டும் கிள்ளானில்.

இதை மனதில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு வருவோம். விற்கிறவர்கள் இந்தச் சிக்கலை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மாதிரி சமாளித்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால்தான் வாங்குகிறவன் கதை புரியும்.

முதல் வழி, விற்கவே மாட்டேன் என்பது. எஃப்-22க்கு அதுதான் நடந்தது. டேவிட் ஓபி என்ற காங்கிரஸ் உறுப்பினர் பெயரில் வழங்கும் திருத்தம் 1997இல் வந்தது, எந்த நாட்டுக்கும் அதை விற்க முடியாது என்று ஆகிவிட்டது. ஜப்பான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தது, ஆஸ்திரேலியாவும் இஸ்ரேலும்கூட ஆசைப்பட்டன. ரகசியம் காப்பாற்றப்பட்டது உண்மைதான். ஆனால் அமெரிக்க ஆகாயப் படைக்கு 187 விமானங்களோடு 2011இல் தயாரிப்பு வரிசையே மூடப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவின் இன்னொரு போர் விமானமான எஃப்-35 பக்கம் போய்விட்டது. வெளிநாட்டு ஆர்டர் கொஞ்சம் இருந்திருந்தால் அந்த வரிசை இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, வெளிப்படையாகவே குறைத்து விற்பது. இதற்கு டிரம்ப்தான் முன்னோடி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1977இல் அதிபர் கார்ட்டர், முதல் தர ஆயுதங்களை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தார், அதன் விளைவாக ஏற்றுமதிக்கென்றே ஒரு நடுத்தர விமானம் செய்யலாம் என்ற எண்ணம் பிறந்தது. அப்படி வந்தது எஃப்-16/79. எஃப்-16இன் உடம்பு அதேதான், ஆனால் அதன் புதிய இஞ்சினைக் கழற்றிவிட்டு, பழைய ஃபேண்டம் விமானங்களில் இருந்த ஜே79 இஞ்சினை உள்ளே வைத்தார்கள். போட்டிக்கு நார்த்ராப் கம்பெனி தன் சொந்தக் காசில் நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி எஃப்-20 என்று ஒன்று செய்தது. உண்மையில் அது நல்ல விமானம். பிறகு என்ன ஆயிற்று? ரீகன் வந்தார், பாகிஸ்தானுக்கு அசல் எஃப்-16ஐயே கொடுக்க ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். பக்கத்தில் அசல் கிடைக்கும்போது கழித்த சாமானை எவன் வாங்குவான்? எஃப்-16/79 பக்கம் சாய்ந்திருந்த சிங்கப்பூர்கூட அசலுக்கு மாறிக்கொண்டது. எஃப்-20 ஒன்றுகூட விற்கவில்லை, 1986இல் கடையை மூடிவிட்டார்கள்.

சோவியத் காரர்கள் இதை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். தங்களுக்கு ஒரு மிக்-23, அரபு நாடுகளுக்கு வேறொரு மிக்-23. அரபு நாடுகளுக்குப் போன ஆரம்ப வகையில் இருந்தது பழைய மிக்-21இன் ரேடார். இப்படிப்பட்ட வகைகளுக்குக் குரங்கு மாடல் என்றே பட்டப்பெயர். அவர்களுடைய பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1976 செப்டம்பரில் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25ஐ அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானின் ஹகோடாத்தேயில் இறக்கிவிட்டார், அமெரிக்கர்கள் அதைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தார்கள். சொந்த விமானியே இப்படி என்றால், கூட்டாளி நாட்டுக் கொட்டகையில் நிற்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர்கள் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது வழிதான் கெட்டிக்காரத்தனம். முழுசாகவே கொடு, சாவியை மட்டும் நீ வைத்துக்கொள். எஃப்-35 அப்படி. ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் உடம்பு ஒன்றுதான், இஞ்சின் ஒன்றுதான். ஆனால் அந்த விமானம் ஒரு ரேடார் அலையைக் கேட்டதும் இது இன்ன நாட்டின் இன்ன ஏவுகணை நிலையம், இப்படி விலகிப் போ என்று சொல்வதற்கு உள்ளே ஒரு தரவுக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய கண்ணும் காதும் பாதிக் குருடு, பாதிச் செவிடு. பெரும்பாலான நாடுகளின் கோப்பு தயாராவது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள எக்லின் தளத்தில். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் தங்கள் ஆட்களை அங்கேயே உட்கார வைத்திருக்கின்றன. இஸ்ரேல் மட்டும் சண்டை போட்டுத் தன் சொந்த மின்னணுக் கருவிகளைச் செருகிக்கொள்ள அனுமதி வாங்கியது. உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் ஒரே கணினி வலைப்பின்னலில் ஓடுகின்றன. 2025இல் ஐரோப்பாவில், இதில் ஒரு ரகசியப் பொத்தான் இருக்கிறதாம், அமுக்கினால் விமானம் நின்றுவிடுமாம் என்று பெரிய பரபரப்பு, அப்படி எதுவும் இல்லை என்று அமெரிக்கத் தரப்பு மறுத்தது. நான் மறுப்பை நம்புகிறேன். கிள்ளானில் இருக்கிற பையன் வராமல் இருந்தாலே போதும், அதற்கு ஏன் பொத்தான்?

துருக்கி கதையைப் பாருங்கள். அது வெறும் வாடிக்கையாளர் அல்ல, திட்டத்தில் பங்காளி. எஃப்-35க்குப் பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த நாடு, அதன் விமானிகள் அமெரிக்காவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள், 2018இல் முதல் விமானத்தை ஒப்படைக்கும் விழாகூட நடந்தது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணையை வாங்கினார்கள் என்று 2019 ஜூலையில் திட்டத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். விழா நடந்த விமானம் அமெரிக்க மண்ணைத் தாண்டவில்லை.

சரி, ரேடாரில் எளிதில் சிக்காத இந்த ஸ்டெல்த் விமானத்தில் உண்மையில் எதைக் குறைக்க முடியும்? உடம்பின் வளைவு நெளிவைத் தொட முடியாது, ரேடார் அலையைத் திசைமாற்றி விடுவதே அந்த வடிவம்தான், அதை மாற்றினால் புது விமானம் செய்வதற்குச் சமம். மேல் பூச்சு வேறு. அலையை உறிஞ்சும் அந்தப் பூச்சிலும், விளிம்புகளில் வைக்கும் பொருளிலும் ஒரு படி கீழே இறங்கலாம், வெளியே பார்ப்பவனுக்குத் தெரியாது. ரேடாரின் சில வேலைகளைப் பூட்டிவிடலாம். எதிரி அலையைக் குழப்பும் கருவியை எளிமைப்படுத்தலாம். விமானங்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் இணைப்பைக் கொடுக்காமல் விடலாம். எந்தக் குண்டு, எந்த ஏவுகணை பொருத்தலாம் என்பதை மென்பொருளிலேயே கட்டிவிடலாம். ஆக, பத்து விழுக்காடு என்று சொன்னால் வேகத்தில் பத்தா, உயரத்தில் பத்தா என்று கேட்பதில் பொருள் இல்லை. அது எந்தப் பத்து என்பது விற்கிறவனுக்கு மட்டும் தெரியும், சண்டை வருகிற அன்றைக்கு உங்களுக்கும் தெரியும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். கழித்த சாமான் நமக்குப் புதிது அல்ல. 1980களில் அமெரிக்கப் பாலைவனத்தில் நின்ற 88 பழைய ஸ்கைஹாக்குகளை வாங்கினோம், அதில் 40தான் புதுப்பிக்கப்பட்டுப் பறந்தன. அவற்றுக்கு வைத்த பெயர் ஏ-4பிடிஎம், கடைசி மூன்று எழுத்துக்கும் மலேசியாவுக்கே உரியது என்று அர்த்தமாம். பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை. 1997இல் எட்டு அமெரிக்க ஹார்னெட் போர் விமானங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்தன. மென்பொருளின் மூல நிரல் நம் கையில் இல்லை, அதனால் அவை விமானக் கண்காட்சிக்குத்தான் லாயக்கு என்று முன்னாள் பிரதமர் துன் மகாதீர் பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் தொலைதூர ஆம்ராம் ஏவுகணையை இந்த வட்டாரத்துக்கு முதலில் கொண்டுவரும் நாடாக அமெரிக்கா இருக்க விரும்பவில்லை, சிங்கப்பூர் வாங்கிய ஏவுகணைகளையே ஆரம்பத்தில் அமெரிக்காவில்தான் வைத்திருந்தார்கள். பணம் கட்டியவன் ஓரிடம், சாமான் ஓரிடம்.

ஆனால் துன் சொன்னதை நான் முழுசாக ஏற்கவில்லை. 2013 மார்ச் 5ஆம் தேதி சபாவின் லகாட் டத்துவில் ஊடுருவல்காரர்கள் மீது குண்டு போட்டது இதே ஹார்னெட்டுகள்தான், கூட ஹாக் விமானங்களும் போயின. கண்காட்சிச் சாமான் அன்றைக்கு வேலை செய்தது. ஏன் செய்தது என்றால், அந்தச் சண்டையில் சாவிக்காரனுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. குறைத்த விமானம் எப்போதுமே பயனற்றது என்று சொல்வது தவறு, உன் சண்டையும் விற்றவனின் விருப்பமும் ஒரே திசையில் இருக்கிற வரைக்கும் அது முழு விமானம்தான்.

அதனால்தான் சிங்கப்பூருக்கு எஃப்-35 பொருந்துகிறது. 12 எஃப்-35பி, 8 எஃப்-35ஏ, ஆக 20 என்று முடிவெடுத்துவிட்டார்கள், அவர்கள் விமானிகள் பல வருடமாக அமெரிக்காவிலேயே பயிற்சி எடுக்கிறவர்கள், அவர்களுக்கு அந்தக் கயிறு கழுத்தை உறுத்தவில்லை. ஜப்பான், ஆஸ்திரேலியா கதையும் அதுதான். நமக்கு? முதலில் கொடுப்பார்களா என்பதே சந்தேகம். அமெரிக்காவின் பழைய கூட்டாளியான தாய்லாந்துக்கே 2023இல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் சுவீடனின் கிரிப்பனுக்குப் போனார்கள். நாமோ கோங் கெடாக்கில் 18 சுகோய்-30எம்கேஎம் வைத்திருக்கிறோம், ரஷ்ய ரேடார் எஃப்-35ஐ எப்படிப் பார்க்கிறது என்று ஒரே நாட்டுக்குள்ளேயே பரிசோதித்துப் பார்க்கலாம் என்ற நிலைமை. துருக்கியை எதற்காக வெளியே தள்ளினார்களோ அதே பயம் நம் விஷயத்தில் அவர்களுக்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொன்று, 2023இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்காவின் சொந்த எஃப்-35களிலேயே ஒரு நேரத்தில் வேலைக்குத் தயாராக இருப்பவை 55 விழுக்காடுதான் என்று இருந்தது. செய்தவன் வீட்டிலேயே பாதிதான் எழுந்து நிற்கிறது என்றால் நம் பட்ஜெட்டில் எத்தனை எழும்?

அப்படியானால் குறைத்த வகையைக் கொடுத்தால் வாங்கலாமா? இதில் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காசுக்குப் பஞ்சமே இல்லாத நாடு, 50 எஃப்-35 வாங்க 2021 ஜனவரியில் ஒப்புக்கொண்டது, அதே வருடம் டிசம்பரில் பேச்சை நிறுத்தியது. சொன்ன காரணங்களில் தொழில்நுட்ப நிபந்தனைகளும், தங்கள் விமானத்தைத் தாங்கள் விரும்பியபடி இயக்க முடியாத கட்டுப்பாடுகளும் இருந்தன. சவூதிக்கு விற்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தபோதும், இஸ்ரேலின் மேல்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே இருப்பதால், கொடுக்கிறது எந்தத் தரத்தில் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அங்கே குறைப்பது யாரோ ஒருவருக்காக. நம் விஷயத்தில் குறைத்தால் அது சிங்கப்பூருக்காகவும் இருக்கலாம். மூன்று தலைமுறைக் கடனை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரனிடம் இருப்பதைவிடக் குறைந்ததை வாங்குவதற்கு எந்த அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்வார்?

ரஷ்யாவின் சு-57? இதைச் சொன்னாலே எங்கள் ஊரில் சிலருக்குக் கண் மின்னும். சுகோய்க்கு இங்கே ஒரு தனிப் பாசம் உண்டு, மிக்கும் சுகோயும் வாங்கியபோது விலையில் ஒரு பங்கைச் செம்பனை எண்ணெயாகவே கொடுத்தோம் அல்லவா, எங்கள் அப்பா வெட்டின குலையிலும் நான்கு சொட்டு அந்த விமானத்தின் இறக்கையில் இருக்கிறது என்று நானே பெருமையடித்திருக்கிறேன். நம் எம்கேஎம் குறைத்த வகையும் இல்லை, பிரெஞ்சுக் கருவிகளும் தென்னாப்பிரிக்கக் கருவிகளும் சேர்த்து நமக்கென்று கட்டினது. ஆனால் 2018இல் தற்காப்பு அமைச்சராக இருந்த மாட் சாபு, பதினெட்டில் நான்குதான் பறக்கிற நிலையில் இருக்கின்றன என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். எங்கள் ஊரில் ஆகாயப் படையில் தரை ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார், அவரிடம் இதைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "பறக்கறத எண்ணாத தம்பி, கொட்டகையில நிக்கறத எண்ணு." உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவுக்குப் பணம் அனுப்புவதே பெரும்பாடு, ரஷ்ய ஆயுதம் பெரிய அளவில் வாங்குகிறவர்கள் மீது தடை போட அமெரிக்காவில் 2017லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த விமானத்தைக் கூட்டாகச் செய்ய இறங்கிய இந்தியாவே 2018இல் விலகிக்கொண்டது. இங்கே உங்களுக்குக் கிடைக்கும் குறைப்பு விற்கும்போது நடப்பதில்லை, ஐந்து வருடம் கழித்து உதிரிபாகம் வராதபோது நடக்கும்.

சீனாவின் ஜே-35 பற்றி நீட்டவில்லை. 2021 மே 31ஆம் தேதி 16 சீனப் படை விமானங்கள் சரவாக் கடற்பக்கம் வந்தபோது லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தன. கடல் எல்லையில் வேலித் தகராறு இருக்கிற வீட்டுக்காரரிடமே பூட்டு வாங்கி நம் வாசலில் மாட்டுவது சரிப்படாது.

அந்த நாளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று வந்தவை பெரிய சரக்கு விமானங்கள். அவற்றைக் கண்டுபிடிக்கவோ நெருங்கவோ ஸ்டெல்த் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தயாராக நிற்கும் விமானம், சீக்கிரம் போய்ச் சேரும் வேகம், நிறைய நேரம் காற்றில் இருக்கும் எரிபொருள். சொல்லப்போனால் நாம் வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிவதுதான் அங்கே வேலையே. நம் ஆகாயப் படையின் அன்றாடப் பிழைப்பு பெரும்பாலும் இது, எதிரி நாட்டுத் தலைநகருக்குள் முதல் நாள் இரவு நுழைவது அல்ல.

ஆகவே மிச்சம் இருப்பவற்றில் என் கண் நிற்பது மூன்றில். துருக்கியின் கான், 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலில் பறந்தது, இந்தோனேசியா 48 வாங்கப்போவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. ஆசை காட்டுகிற விமானம், ஆனால் இப்போதைக்கு அதில் இருப்பது அமெரிக்க எஃப்110 இஞ்சின், துருக்கிக்கே சாவி கிடைக்காத இடத்தில் நமக்கு என்ன கிடைக்கும்? பிரான்சின் ரஃபால் முழுக்க அவர்கள் செய்தது, இஞ்சினும் அவர்களுடையதே, இந்தோனேசியா 42 ஆர்டர் கொடுத்திருக்கிறது. விலை தலையைச் சுற்றும். தவிர பிரான்சு மனம் மாறாது என்று யாரும் நினைக்க வேண்டாம், 1967இல் இஸ்ரேல் பணம் கட்டிய 50 மிராஜ் விமானங்களை டி கோல் கொடுக்காமல் நிறுத்தினார். ஆனாலும் ஒரே வாசலில் ஒரே காவல்காரன், அவரோடு மட்டும் பேசினால் போதும் என்பது பெரிய வசதி.

என் ஓட்டு, மூன்றாவதான கொரியாவின் கேஎஃப்-21க்கு. இது முழு ஸ்டெல்த் இல்லை, அதை மறைக்கவில்லை. உடம்பு வடிவம் அந்த ஜாடை, ஆனால் ஏவுகணைகள் வயிற்றுக்குள் போகாமல் வெளியே தொங்குகின்றன, ரேடாரில் தெரியும். 2022 ஜூலையில் முதலில் பறந்தது, முதல் தொகுதி பெரும்பாலும் வான்சண்டைக்கு மட்டும், தரையைத் தாக்கும் வேலை அடுத்த தொகுதியில்தான் முழுசாக வரும். அப்படியும் ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், 2023 மே மாதம் இதைச் செய்யும் கொரியக் கம்பெனியிடமே 18 எஃப்ஏ-50 இலகு போர் விமானங்கள் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டோம், 920 மில்லியன் டாலர், நம் ஆட்கள் அங்கே போய்ப் பழகப்போகிறார்கள், அந்தப் பழக்கத்திலேயே அடுத்ததற்கு ஏறலாம். கொரியாக்காரர்கள் விற்பதற்குப் பசியாக இருக்கிறார்கள், பசியாக இருக்கிறவனிடம்தான் பேரம் பேச முடியும். அவர்கள் தங்கள் படைக்கு வைத்துக்கொள்வதும் நமக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் கழித்துக் கொடுக்கும் அளவுக்கு அதில் ரகசியம் ஊறிக் கிடக்கவில்லை. நல்ல விமானத்தில் குறைத்ததை வாங்குவதைவிட, நடுத்தர விமானத்தில் முழுசை வாங்குவது மேல் என்பது என் கணக்கு.

ஓட்டை இல்லாமல் இல்லை. இஞ்சின் அமெரிக்க எஃப்414. கிரிப்பனிலும் அதே வகைதான், நாம் வாங்கிய எஃப்ஏ-50இல் இருப்பதும் அமெரிக்க எஃப்404. ஆக வாஷிங்டனில் ஒரு கையெழுத்து எப்படியும் தேவை, அதிலிருந்து ரஃபாலைத் தவிர வேறு எதிலும் தப்ப முடியாது. கொரியாவோடு கூட்டுச் சேர்ந்த இந்தோனேசியா, கட்ட வேண்டிய பங்கைக் கட்டாமல் இழுத்து, கடைசியில் 1.6 டிரில்லியன் வொன்னை 600 பில்லியனாகக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்ப கிடைக்கும் தொழில்நுட்பத்தையும் குறைத்துக்கொண்டது. நாம் பங்காளி ஆகப் போகிறோமா, வெறும் வாடிக்கையாளரா என்பதை முதல் நாளே தீர்மானிக்காவிட்டால் அதே வழக்குதான்.

பேரத்தில் உட்காருகிறவர்கள் என்னைக் கேட்கப்போவதில்லை, கேட்டால் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடாதீர்கள் என்பேன். அச்சுறுத்தல் தரவுக் கோப்பை நம் ஆட்களே, நம் மண்ணிலேயே எழுதவும் திருத்தவும் உரிமை. அப்புறம் இஞ்சினையும் ரேடாரையும் கழற்றி மாட்டிச் சோதிக்கும் வரைக்குமான பராமரிப்பு இங்கேயே, கொட்டகையில் முதல் நாளிலிருந்து. இந்த இரண்டுக்காக விமான எண்ணிக்கையில் நாலைந்து குறைந்தாலும் பரவாயில்லை. எண்ணிக்கை குறைத்தால் பத்திரிகையில் திட்டுவார்கள், வேறொன்றும் ஆகாது.

இதையெல்லாம் போன வாரம் அதே கடையில் வைத்து அந்த லோரித் தம்பியிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டான், தே தாரேயை ஒரே மூச்சில் குடித்தான், "டிராக்டருக்கு இந்த ரெண்டையும் கேட்டு வாங்கினீங்களாண்ணே?" என்றான். அடுத்த மாதம் இன்னொரு டிராக்டர் வருகிறது. ஒப்பந்தத் தாளை அலுவலகக் கிராணியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறேன், மடிக்கணினியைப் பற்றி இன்னும் ஒரு வரியும் காணவில்லை.